மூத்த டெக்னோ டிஜேக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மெஷின் தாளத்தில் ஓடும் உங்கள் டெக்னோ நடன இசையை இருபது வருஷமாகக் கேட்டு வருகிறேன், அந்த உரிமையில் எழுதுகிறேன். உங்களில் ஒருவரை, பெயர் வேண்டாம், ஒரே கோடையில் இரண்டு ஃபெஸ்டிவலில் கேட்டேன். இரண்டிலும் அதே ட்ராக்குகள், அதே வரிசை, பேஸ் என்கிற கனமான அடிச்சத்தத்தை மொத்தமாக எடுத்துவிட்டுக் கையை உயர்த்துகிற இடம்கூட அதேதான். முதல் தடவை உடம்பு சிலிர்த்தது. இரண்டாம் தடவை அந்தக் கை எப்போது மேலே போகும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது, ஏதோ இழந்த மாதிரி இருந்தது. சுற்றி நின்றவர்கள் சந்தோஷமாகத்தான் ஆடினார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உங்களைத்தான் கேட்கிறேன்.

இந்த இசை பிறந்த விதம் உங்களுக்கே தெரியும். 1981இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் ஹுவான் அட்கின்ஸ், ரிக் டேவிஸோடு சேர்ந்து சைபோட்ரான் என்ற பெயரில் முதல் ரெக்கார்டைப் போட்டபோது அட்கின்ஸுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. டிரம் சத்தத்தைத் தானே வாசிக்கும் ரோலண்ட் 909 டிரம் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். 1983இல் வந்தது, சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள், மொத்தமே சுமார் 10,000தான் செய்தார்கள். நிஜ டிரம் மாதிரி இல்லை என்று பலரும் ஒதுக்க, பழைய பொருளாக விலை இறங்கி, கையில் அதிகம் காசில்லாத பையன்களிடம் வந்து சேர்ந்தது. ஒதுக்கப்பட்ட அந்த கிக், அதாவது பெரிய டிரம்மின் ‘தும்’ சத்தத்தில் இருந்துதான் உங்களில் பலருடைய வாழ்க்கையே ஆரம்பித்தது. அப்புறம் 1994, ரேவ் என்கிற இரவு நடன விருந்துகளின் இசை வேகமாகவும் இரைச்சலாகவும் போய்க்கொண்டிருந்த நேரம், ராபர்ட் ஹூட் சத்தங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, கிட்டத்தட்ட எலும்பை மட்டும் மிச்சம் வைத்து ‘மினிமல் நேஷன்’ ரெக்கார்டைச் செய்தார். அன்றைக்கு அது எடுபடும் என்று யார் உத்தரவாதம் கொடுத்திருக்க முடியும்?

இப்போது பெயரைப் பற்றி. பெயர் கெட்டுவிடுமோ என்ற பயம் உங்களுக்கு இருப்பது புரிகிறது, முப்பது வருஷ உழைப்பு அது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். புதிதாக வந்த ஒரு பெண் முதல் செட்டில், அதாவது மேடையில் தன் முறை வரும்போது, யாருக்கும் பிடிபடாத ஒன்றை வாசித்து, இருபது நிமிஷத்தில் டான்ஸ் ஃப்ளோர் காலியாகிவிட்டால், அடுத்த தடவை அவளைக் கூப்பிட மாட்டார்கள். அதனால் அவள் பாதுகாப்பாகத்தான் வாசிப்பாள், வேறு வழியில்லை. அதே இருபது நிமிஷத்தை நீங்கள் வாசித்தால் யாரும் நகர மாட்டோம். ‘இவர் எங்கேயோ கூட்டிக்கொண்டு போகிறார்’ என்று நின்று கேட்போம். உங்கள் பெயர் உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது இந்தப் பொறுமையைத்தான், அதைச் செலவு செய்யாமலே வைத்திருக்கிறீர்கள்.

செலவு செய்தவர்கள் உங்களிலேயே இருக்கிறார்கள். ரிச்சி ஹாட்டின் 2001இல் நூற்றுக்கும் மேற்பட்ட ட்ராக்குகளைத் துண்டு துண்டாக வெட்டி ஒரே மிக்ஸாகத் தைத்தபோது ஏற்கெனவே பெரிய பெயர்தான். ஜெஃப் மில்ஸ் 2005இல் பிரான்ஸின் மான்ட்பெலியே ஆர்கெஸ்ட்ராவோடு மேடை ஏறினார், 2018இல் ஆஃப்ரோபீட் என்ற ஆப்பிரிக்க இசையின் டிரம்மர் டோனி ஆலனோடு ரெக்கார்டு போட்டார். மில்ஸ் 909 வாசிக்கும்போது அவர் விரல்களை மட்டும் கவனியுங்கள். வரிசையாக 16 பட்டன். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றைத் தட்டி ஹை-ஹாட் என்கிற சிம்பல் சத்தத்தைச் சேர்க்கிறார், இன்னொன்றைத் தட்டி கிக்கை எடுக்கிறார், ஒரு தட்டு தவறினால் அத்தனை பேர் காதிலும் விழும். அந்த ஆபத்துதான் எங்களை அங்கேயே நிற்க வைக்கிறது.

புதுமை என்று நான் கேட்பது இன்றைய இளைஞர்கள் ஓட்டும் வேகத்துக்கு நீங்களும் ஓடுவதை இல்லை, அது உங்களுக்குப் பொருந்தவும் பொருந்தாது. பழைய ட்ராக்கை வாசிக்கவே கூடாது என்றும் சொல்லவில்லை, அது வரும்போது கத்துகிற கூட்டத்தில் நானும் இருப்பேன். ஒன்றரை மணி நேர செட் என்றால் நான்கு மணி நேரம் கேளுங்கள், நீங்கள் கேட்டால் கொடுப்பார்கள். புதியவர்களின் ட்ராக்கை வாசித்தால் அவர்கள் பெயரைச் சொல்லுங்கள். வேறொருவர் செய்ததில் உங்கள் பெயரைப் போடாதீர்கள், இதை எழுத வேண்டியிருப்பதே கஷ்டமாக இருக்கிறது. வீட்டில் யாருக்கும் காட்டாமல் செய்து வைத்திருக்கும் அந்தப் பாதி முடிந்த ட்ராக்கை எடுத்து வாருங்கள்.

சொதப்பினால்? சொதப்பட்டும். அடுத்த செட்டுக்கும் டிக்கெட் எடுப்பேன். கிக் வருவதற்குப் பத்து நிமிஷம் ஆனாலும் முன்வரிசையில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் ரசிகன்