கடற்சாமந்தி வாங்க அவசரப்பட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் கடல்நீர்த் தொட்டி அமைப்பது குறித்துத் தங்கள் வார இணைப்பில் வெளிவந்த குறிப்பைப் படித்தேன். தொட்டியின் அளவு, வடிகட்டி, உப்புக் கலவை ஆகியவற்றைப் பற்றி அதில் சொல்லப்பட்டவை சரியே. ஆனால் கோமாளி மீனையும், பூப்போலத் தோன்றினாலும் கொட்டும் கைகளையுடைய விலங்கான கடற்சாமந்தியையும் (sea anemone) ஒரே நாளில் வாங்கிப் புதிய தொட்டியில் விடலாம் என்ற அறிவுரை எனக்கு உடன்பாடானதன்று. டர்பனில் நம்மவர் வீடுகள் சிலவற்றில் இப்போது இத்தகைய தொட்டிகள் இருப்பதால், அந்த அறிவுரையால் வரக்கூடிய கேட்டைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

கடலில் கோமாளி மீன் கடற்சாமந்தியைச் சார்ந்திருப்பது தன்னை விழுங்க வரும் பெரிய மீன்களிடமிருந்து தப்புவதற்காகத்தான். கென்யா முதல் நம் டர்பன் வரையுள்ள கடலில் வாழும் அல்லார்டு கோமாளி மீனுக்கும் இது பொருந்தும். வீட்டுத் தொட்டியில் அந்த ஆபத்து இல்லாததால், மீன் தனியாகவே நன்றாக வாழும். முட்டையிட்டுக் குஞ்சும் பொரிக்கும். ஆகவே, மீனுக்குத் துணை வேண்டுமே என்று எண்ணிக் கடற்சாமந்தியை வாங்க வேண்டியதில்லை. வாங்குவதென்றால் அதற்காகவே, அதன் தேவைகளை அறிந்து வாங்க வேண்டும்.

புதிய தொட்டியில் கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் அடங்க நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அவை அடங்கியதும் தொட்டி தயாராகிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். மீனைப் பொறுத்தவரை அது உண்மையாகலாம்; கடற்சாமந்தியைப் பொறுத்தவரை அன்று. உவர்ப்பும் காரத்தன்மையும் வெப்பமும் நாளுக்கு நாள் மாறாமல் நிற்கத் தொடங்க ஆறு மாதங்களேனும் வேண்டும், ஓராண்டு காத்திருப்பது இன்னும் நல்லது. நீரின் ஒப்படர்த்தி (நன்னீரை 1 எனக் கொண்டு உவர்ப்பைக் காட்டும் அளவு) 1.025 அல்லது 1.026 ஆகவும், வெப்பநிலை 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரையிலும் இருக்க வேண்டும். இந்த எண்களைவிட முக்கியமானது அவை ஊசலாடாமல் இருப்பதே.

அடுத்தது வெளிச்சம். கோமாளி மீனுக்கு இடங்கொடுக்கும் கடற்சாமந்திகளின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியிலிருந்து அவை தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு கடற்சாமந்திக்கே போய்ச் சேர்கிறது. மீனின் கழிவிலுள்ள அம்மோனியாகூட அந்தப் பாசிகளுக்கு உரமாகிறது. ஒளி குறைந்தாலோ நீர் அளவுக்கு மீறிச் சூடானாலோ பாசிகள் வெளியேறி, உடல் வெளிறிவிடும். கடையில் பால் வெள்ளையாக மின்னும் கடற்சாமந்தியை அழகென்று நினைத்து வாங்குவோர் உண்மையில் பட்டினி கிடக்கும் உயிரை வாங்குகிறார்கள். பளிச்சென்ற மஞ்சளிலும் இளஞ்சிவப்பிலும் விற்கப்படுபவற்றுள் சில சாயம் ஏற்றப்பட்டவை என்பதையும் சொல்லியாக வேண்டும். வாங்கும் கடற்சாமந்தியின் வாய் இறுக மூடியிருக்க வேண்டும், பாதத்தில் கிழிசல் இருக்கக்கூடாது, அதன் கைகள் தொட்டால் ஒட்ட வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் கடைக்காரர் எவ்வளவு விலை குறைத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். முதன்முதலில் வாங்குவோருக்குக் குமிழ்நுனிக் கடற்சாமந்தியே ஏற்றது. அது தொட்டியிலேயே இரண்டாகப் பிரிந்து பெருகுவதால், கடலிலிருந்து எடுக்காமல் தொட்டியில் வளர்ந்ததைப் பெறும் வாய்ப்பும் உண்டு. உணவாக வாரம் ஓரிரு முறை நகம் அளவு இறால் துண்டு போதும்; அன்பு மிகுதியால் தினமும் ஊட்டினால் நீர்தான் கெடும்.

ஒழுங்காகப் பேணினால் இவ்வுயிர் எவ்வளவு காலம் வாழும் என்பதற்கு ஸ்காட்லாந்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சர் ஜான் டால்யெல் என்ற அறிஞர் 1828இல் கரையிலிருந்து எடுத்த ஒரு கடற்சாமந்தி, 1851இல் அவர் மறைந்த பின்னும் பிறர் பராமரிப்பில் வாழ்ந்து 1887இல்தான் இறந்தது. அது குளிர்நீர் இனம், உள்ளே பாசி இல்லாதது. நம் தொட்டிகளுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆயினும் இரண்டு ஆண்டில் செத்துப்போவது இயல்புதானே என்று சொல்வோருக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

இனி நம் ஊருக்கே உரிய சங்கடங்கள். 2022, 2023 ஆண்டுகளில் லோட் ஷெடிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டு ஆறாம் கட்டத்தில் நடந்தபோது ஒரே நாளில் பலமுறை மின்சாரம் நின்றது. இப்போது நிலைமை தேறியிருந்தாலும் அதை மறந்து தொட்டி அமைப்பது தவறு. சில மணி நேரம் விளக்கு இல்லாமல் கடற்சாமந்தி தாங்கும். நீரோட்டம் நின்று ஆக்சிஜன் குறைவதைத்தான் தாங்காது. விலையுயர்ந்த விளக்குக்கு முன்பாகப் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வைப்பதே விவேகம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கேயுள்ள டோங்காட் நீர் நிலையம் சேதமடைந்து அப்பகுதியினர் மாதக்கணக்கில் குழாய்நீர் இன்றித் தவித்ததை நினைத்தால், ஆர்.ஓ. முறையில் (நுண்சவ்வு வழியே அழுத்தி) வடித்த நீரைக் கேன்களில் சேமித்து வைப்பதும் தேவையே. கடற்கரையிலிருந்து வாளியில் நீர் கொண்டுவரும் பழக்கம் இங்கே சிலரிடம் உண்டு. மழைக்குப் பின் உம்கேனி ஆற்று நீரும் சாக்கடையும் கலந்த கடல்நீரைத் தொட்டியில் ஊற்றுவதைவிட, உப்புக் கலவையை ஆர்.ஓ. நீரில் கரைத்துக்கொள்வது பாதுகாப்பானது. கோடையில் தொட்டியின் மேல் மின்விசிறி வைத்தால் நீர் குளிரும். ஆனால் ஆவியாவது நீர் மட்டுமே என்பதால் உவர்ப்பு ஏறிவிடும், அன்றன்று நன்னீரால் ஈடுசெய்ய வேண்டும்.

கடற்சாமந்தி தனக்குப் பிடித்த இடம் கிடைக்கும்வரை நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், பம்பு வாய்களுக்குக் நுரைப்பஞ்சோ வலையோ கட்டாமல் அதை உள்ளே விடக்கூடாது. பம்பில் சிக்கிச் சிதைந்தால் ஒரே இரவில் நீர் அழுகி மற்ற உயிர்களும் மடியக்கூடும். மீனுக்கு நோய் கண்டால் தாமிரம் கலந்த மருந்தை இந்தத் தொட்டியில் ஊற்றக் கூடாது. தாமிரம் கடற்சாமந்திக்கு நஞ்சு. பாறைக் குழிகளிலிருந்து தாமே பெயர்த்து எடுக்கலாமே என்று கேட்பவர்களுக்கு, தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு கடல்வாழ் உயிர்வளச் சட்டப்படி அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதை நினைவூட்டுகிறேன்.

அடுத்த இணைப்பில் அந்த ஒரு வரியைத் திருத்தி, மீனை முதலிலும் கடற்சாமந்தியைக் குறைந்தது ஆறு மாதம் கழித்தும் வாங்குமாறு வெளியிட்டால், டிசம்பர் விடுமுறைக்குள் பிள்ளைகளுக்குத் தொட்டி அமைத்துத் தர நினைக்கும் வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்