'ஷூட் அரவுண்ட்' என்பது தண்டனைப் பயிற்சி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கூடைப்பந்துச் செய்திகள் வரும்போது, இன்ன வீரர் காலை 'ஷூட் அரவுண்ட்'டில் கலந்துகொள்ளவில்லை என்ற வரி அவ்வப்போது இடம்பெறுகிறது. அதைப் படிக்கும் எங்கள் பகுதி மாணவர்கள், அந்த வீரர் பயிற்சிக்கு மட்டம் போட்டுவிட்டார் என்றோ, அன்றைய ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டார் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் சரியல்ல. கும்பகோணம் வட்டாரத்தில் பல்லாண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில், இந்தப் பயிற்சி எத்தகையது என்பதையும், டெல்டா மாவட்டங்களில் நடக்கும் போட்டிகளுக்கு அது ஏன் தேவை என்பதையும் எழுத விரும்புகிறேன்.

ஆட்ட நாளன்று, பெரும்பாலும் காலையில், அணி முழுவதும் ஆடுகளத்துக்கு வந்து ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் மேற்கொள்ளும் இலகுவான பயிற்சியே ஷூட் அரவுண்ட். வீரர்கள் தத்தமக்குப் பழகிய இடங்களிலிருந்து பந்தை எறிந்து பார்ப்பார்கள்; பயிற்சியாளர் எதிரணியின் ஆட்ட முறைகளை நடந்தபடியே விளக்குவார்; ஓட்டமும் இருக்காது, உடல் மோதலும் இருக்காது. ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னர் உடலைச் சூடேற்றுவதற்காகச் செய்யும் 'வார்ம் அப்' வேறு, இரண்டாகப் பிரிந்து தமக்குள்ளேயே மோதிப் பார்க்கும் 'ஸ்க்ரிம்மேஜ்' வேறு. நாலு பேர் மாலையில் மைதானத்துக்குப் போய், ஆட்டம் எதுவும் ஆடாமல், பேசிக்கொண்டே மாறிமாறிப் பந்து எறிவதையும் ஆங்கிலத்தில் இதே பெயரால் சொல்வதுண்டு. எனவே செய்தியில் எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்பதை இடம் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். தொழில்முறை ஆட்டச் செய்தியாக இருந்தால் முதற்பொருளே பொருந்தும். அங்கே ஒரு வீரர் வராதது காயத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம், வெறும் ஓய்வாகவும் இருக்கலாம். காலையில் வராதவர் இரவில் களமிறங்கி ஆடுவதும் சாதாரணமாக நடப்பதுதான்.

இந்த வழக்கத்தை அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் நிலைநிறுத்தியவர் பில் ஷார்மன். பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் வீரராக நான்கு முறை பட்டம் வென்றவர், எதிரணியின் தவறுக்காகத் தடுப்பார் இன்றி எறியக் கிடைக்கும் 'ஃப்ரீ த்ரோ'வில் தம் காலத்தின் தலைசிறந்தவர். ஆட்ட நாள்களில் காலையில் தனியே ஓர் உள்ளரங்குக்குச் சென்று சிறிது நேரம் பந்து எறிந்துவிட்டு வந்தால், இரவு ஆட்டத்தில் படபடப்புக் குறைந்து கை நிதானமாக இருப்பதை அவர் கண்டார். பின்னர் பயிற்சியாளரானபோது தமக்குப் பலித்ததை அணி முழுவதற்கும் விதித்தார். 1971-72 பருவத்தில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்கு அவர் வந்தபோது, காலையில் எழுவதையே விரும்பாத நட்சத்திர வீரர் வில்ட் சேம்பர்லெய்னையும் இணங்க வைத்தார். அந்தப் பருவத்தில் அவ்வணி தொடர்ந்து 33 ஆட்டங்களில் வென்றது. 82 ஆட்டங்களில் 69 வெற்றிகளோடு பட்டத்தையும் கைப்பற்றியது. வெற்றிக்குக் காலைப் பயிற்சி மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஜெர்ரி வெஸ்ட் போன்ற தலைசிறந்த வீரர் இருந்த அணி அது. ஆனால் அதற்குப் பிறகு மற்ற அணிகளும் இம்முறையைக் கைக்கொண்டன.

அந்நாட்டு அரங்குகளில் தரையும், வளையத்துக்குப் பின்னால் நிற்கும் போர்டும், வளையமும் ஏறத்தாழ ஒரே தரத்தில் இருக்கின்றன. அங்கேயே இது பயன்படுகிறது என்றால், நம் பகுதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தஞ்சாவூரில் ஒரு மைதானத்தில் கண்ணாடி போர்டு, மன்னார்குடியில் மரப் போர்டு, வேறோர் ஊரில் இரும்புத் தகடு என்று ஒவ்வொன்றிலும் பந்து ஒவ்வொரு விதமாகத் திரும்புகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய மரப் போர்டில் பட்ட பந்து செத்து விழும்; வளையத்தை நெருங்கிப் பந்தைப் போர்டில் தட்டிப் போடும் 'லே-அப்'புக்குப் பழகிய கை அங்கே ஏமாந்துபோகும். பழைய சிமென்ட் தரைக்கு மேலேயே புதுத் தளம் போட்டுவிட்ட மைதானங்களில், 3.05 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டிய வளையம் ஓரிரு அங்குலம் தாழ்ந்திருக்கும். தொங்கித் தொங்கித் தளர்ந்த வளையங்களைப் பற்றி நான் சொல்லாமலே வாசகர்கள் அறிவார்கள். மூன்று புள்ளிக் கோடு 2010 ஆம் ஆண்டில் 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்கு மாற்றப்பட்ட பின்னும், பழைய கோடு அழிக்கப்படாமல் புதுக் கோட்டோடு சேர்ந்து கிடக்கும் களங்கள் உண்டு. எந்தக் கோட்டில் நிற்பது என்று ஆட்டத்தின் நடுவே குனிந்து பார்க்கும் சிறுவனிடம் குறிபார்த்து எறியும் திறனை எப்படி எதிர்பார்ப்பது?

பட்டுக்கோட்டையிலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் அதிகாலைப் பேருந்தில் வரும் பள்ளி அணிகள், இறங்கியதும் உடைமாற்றிக்கொண்டு நேரே ஆட்டத்துக்கு வந்து நிற்கின்றன. உள்ளூர் அணிக்கோ ஒவ்வொரு வளையத்தின் குணமும் அத்துப்படி. முதல் கால்பகுதி முடிவதற்குள் வெளியூர் அணி பின்தங்கிவிடுவதற்குத் திறமைக் குறைவு மட்டுமே காரணம் என்று கருதுவது நியாயமாகாது.

இன்னொரு பக்கம், இந்தப் பயிற்சியைக் கேள்விப்பட்ட சில பயிற்சியாளர்கள் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஆட்ட நாள் காலையிலேயே பிள்ளைகளைக் கோட்டுக்குக் கோடு ஓடவிட்டு, தவறவிட்ட ஒவ்வொரு எறிதலுக்கும் தண்டால் எடுக்கவைத்து, மாலைக்குள் கால்கள் ஓய்ந்துபோகும்படி செய்துவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் இதைச் செய்வது கண்டிப்பு ஆகாது, கொடுமை என்றே சொல்வேன். என்.பி.ஏ.விலேயே பல அணிகள் வீரர்களின் உறக்கத்தைக் கருதி இந்த இலகுவான காலைப் பயிற்சியைக்கூட இப்போது குறைத்துக்கொண்டுவிட்டன. ஆண்டுக்கு 82 ஆட்டங்களும் ஓயாத விமானப் பயணமும் கொண்ட அவர்களுக்கு அது பொருந்தும். ஆண்டில் சில போட்டிகளையே காணும் நம் மாணவர்களுக்குக் களம் பழகுவதே பெரிய தேவை.

ஆகவே, பள்ளிக் குறுவட்ட, மாவட்டப் போட்டிகளை நடத்துவோர், வெளியூர் அணி ஒவ்வொன்றுக்கும் ஆட்டத்துக்கு முன்னர் 20 நிமிடமாவது அதே களத்தில், அதே வளையங்களில், போட்டிக்குப் பயன்படுத்தப்போகும் அதே வகைப் பந்தோடு எறிந்து பழகக் களத்தை ஒதுக்கித் தர வேண்டும். அந்த நேரத்தை அட்டவணையிலேயே அச்சிடவும் வேண்டும். கோடையில் நடக்கும் மின்னொளிப் போட்டிகளுக்கு மட்டும் காலை நேரம் அவ்வளவு பயன்படாது. விளக்கு வெளிச்சம் கண்ணில் படும் கோணம்தான் அங்கே சிக்கல் என்பதால், முந்தைய நாளின் கடைசி ஆட்டம் முடிந்ததும் விளக்குகளை அணைக்காமல் சிறிது நேரம் விட்டுவைத்தால், மறுநாள் ஆடவிருக்கும் அணிகள் எறிந்து பார்த்துக்கொள்ளும். மின்கட்டணம் சற்றுக் கூடும். பரிசுக் கோப்பையின் உயரத்தைச் சற்றுக் குறைத்தால் அதைச் சரிக்கட்டிவிடலாம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கும்பகோணம்.