கைவியர்வை: சிவகாமிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சிவகாமி,

கயலுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த சேதி படித்து அவ்வளவு சந்தோஷம். அடுத்த பத்தியைப் படித்துவிட்டுத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். அவளுக்கு உள்ளங்கை வியர்க்கிறது என்று நெஞ்சுக்குள் நரம்பை வெட்டும் அறுவைக்கு நாள் பார்க்கிறீர்களாமே. தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். அதற்கு முன்னால் செய்துபார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதலில் இது எந்த வகை என்று தெரிய வேண்டும். சின்ன வயதிலேயே தொடங்கி, இரண்டு கையிலும் ஒரே அளவில் வியர்த்து, தூங்கும்போது நின்றுவிட்டால், உள்ளே வேறு நோய் இருப்பதற்கான அடையாளம் அல்ல. சுரப்பிகள் நன்றாகத்தான் இருக்கின்றன. அவற்றை ஏவும் நரம்புகள்தான் அளவுக்கு மீறி ஏவுகின்றன. உன் அண்ணனுக்கும் உண்டு என்கிறாய், அதுவும் பொருந்துகிறது. உடம்பு முழுக்க வியர்ப்பது, இரவில் உடை நனைவது, எடை இறங்குவது, நடுவயதில் புதிதாகத் தொடங்குவது, இவற்றில் ஏதாவது இருந்தால்தான் தைராய்டு, சர்க்கரை, காசநோய், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் என்று காரணம் தேட வேண்டும். ‘மனசைத் திடப்படுத்திக்கொள், நின்றுவிடும்’ என்று அவளிடம் யாரும் சொல்ல வேண்டாம். வியர்க்குமோ என்ற பயத்திலேயே இன்னும் வியர்க்கும்.

அலுமினியம் குளோரைடு மருந்தைக் காலையில் குளித்த கையோடு தடவினாள், எரிந்தது, விட்டுவிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். எரிச்சலுக்குக் காரணம் அந்த ஈரம். அது தண்ணீரோடு சேரும்போது அமிலம் உண்டாகிறது, தோல் எரிகிறது. சரியான நேரம் இரவு, படுக்கப் போகும் முன். வியர்வை அடங்கியிருக்கும்போதுதான் மருந்து துவாரத்துக்குள் இறங்கி அடைப்பாக நிற்கும். கையைத் துடைத்து, மின்விசிறியிலோ குளிர்காற்று உலர்த்தியிலோ முழுக்கக் காயவைத்து, 20 சதவீதக் கரைசலை மெல்லிசாகத் தடவி, காலையில் கழுவிவிட வேண்டும். கட்டுப்படும்வரை தினமும் இரவில், பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை. சிவந்துபோனால் ஓரிரு நாள் நிறுத்தி 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு போடலாம். அக்குளில் இது அருமையாக வேலை செய்யும். உள்ளங்கைத் தோல் தடிமன் என்பதால் அங்கே பலன் குறைவுதான்.

அதனால் கயலுக்கு என் நம்பிக்கையெல்லாம் அயன்டோபோரசிஸ் மேல்தான். இரண்டு தட்டில் குழாய்த் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஒரு கை, அதன் வழியே 15 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்சாரம். 20 முதல் 30 நிமிடம். பாதியில் மின்திசையை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கை மட்டும் முந்திக்கொண்டு காயும். தண்ணீர் உள்ளங்கை மூழ்கும் அளவு இருந்தால் போதும். நீர்மட்டம் தொடும் இடத்தில்தான் அதிகம் சுள்ளென்றிருக்கும். அங்கேயும் வெட்டுக்காயம், நகக்கீறல் மேலும் வாசலின் பூச வேண்டும். மோதிரம், வளையல் கழற்றியாக வேண்டும். மின்சாரம் ஓடும்போது கையை வெடுக்கென்று எடுத்தால் அதிர்ச்சி அடிக்கும்; அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே எடுக்கச் சொல். தாது குறைந்த தண்ணீரில் மின்சாரம் சரியாக ஓடாது, ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் சரியாகும். வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரத்தில் ஒன்றுமே தெரியாது, பலரும் அங்கேதான் கைவிடுகிறார்கள். குறைந்தது பத்து முறையாவது செய்த பிறகே முடிவு சொல்லலாம். காய்ந்த பின்னும் வாரத்துக்கு ஒரு முறையாவது தொடர வேண்டியிருக்கும். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது கூடாது. உடம்பில் உலோகம் பொருத்தியிருந்தாலோ வலிப்பு இருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

மாத்திரையும் உண்டு: கிளைகோபைரோலேட், ஆக்சிபியூட்டினின். தோல் மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கி ஏற்றுவார். வாய் உலர்வது, மலச்சிக்கல், பார்வை மங்குவது சகஜம். உடம்பு முழுக்க வியர்வையை அடக்குவதால் வெயிலில் ஓடியாடும் நாளில் உடம்புச் சூடு ஆபத்தாக ஏறலாம், அவள் கூடைப்பந்து ஆடுகிறவள் என்பதால் சொல்கிறேன். போடாக்ஸ் ஊசி சில மாதம் தாங்கும். ஆனால் உள்ளங்கையில் நன்றாக வலிக்கும், சில வாரம் பிடிமானமும் தளரலாம்.

இனி அந்த அறுவை. பெரும்பாலானோருக்குக் கை காய்ந்துவிடும். ஆனால் நிறைய பேருக்கு முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் புதிதாக வியர்க்கத் தொடங்குகிறது. சிலருக்குச் சட்டை நனையும் அளவுக்கு. யாருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, வந்தால் பழைய நிலைக்குத் திருப்பவும் முடியாது. பதினெட்டு வயதில் எல்லாவற்றுக்கும் முன்னால் இதை எடுக்கக்கூடாது.

கல்லூரி திறக்க இரண்டு மாதம் இருக்கிறதே, பத்து முறை செய்துபார்க்க அது தாராளம். அந்தக் கருவியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். முதல் சில முறை மட்டும் தோல் மருத்துவரிடம் போய் மின்னளவைப் பழகிக்கொள்ளட்டும். பாதமும் வியர்க்கிறதா என்று எழுது, அதற்கும் இதே தட்டு போதும்.

அன்புடன்,
மீனா