அண்ணாச்சி கடை மூடிய பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பெரிய தள்ளுபடிக் கடை வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நானும் அங்கே எண்ணெய், சோப்பு வாங்கினேன், விலை குறைவுதான். ஆனால் தெருமுனை அண்ணாச்சி கடை போன மாதம் மூடிவிட்டது. ஐம்பது கிராம் கடுகு, பத்து ரூபாய்க்குப் புளி, மாசக் கடைசியில் நோட்டில் எழுதிக் கடன், இதெல்லாம் அங்கேதான் கிடைத்தது. புதுக் கடையில் எல்லாமே பெரிய பாக்கெட், கையில் காசு இருந்தால்தான் சாமான்.

இப்படி வேறு இடத்திலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஓரியன்டல் என்று ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். 2014-இல் வால்மார்ட் என்ற பெரிய சில்லறை வணிக நிறுவனம் அங்கே சின்னக் கடை ஒன்று திறந்தது, அடுத்த வருஷமே ஊரின் பழைய மளிகைக் கடை தாக்குப்பிடிக்க முடியாமல் மூடியது, 2016-இல் வால்மார்ட் அந்த மாதிரிக் கடைகளையே மொத்தமாகக் கைவிட்டு நடையைக் கட்டியது. அப்புறம் காய்கறிக்குக்கூட வேறு ஊருக்கு வண்டி ஓட்ட வேண்டிய நிலை வந்தது.

எங்கள் கடைத்தெருவில் இன்னும் நாலு மளிகைக் கடை இருக்கிறது. இந்த மாதச் சாமானை அங்கேதான் வாங்கினேன். அடுத்த பெரிய கடைக்கு அனுமதி கொடுக்கும் முன் நகராட்சி அந்தக் கடைக்காரர்களையும் கூப்பிட்டுப் பேச வேண்டும்.

ஒரு வாசகி,
தென்காசி மாவட்டம்