தலைமையாசிரியர் கடிதம்: பத்துத் தடவை எழுதுவதை நிறுத்துகிறோம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இது முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்கான கடிதம். பின்பக்கத்தில் நம் மொரீஷியஸ் க்ரியோலிலும் இருக்கிறது. ஆனால் தாளைத் திருப்புவதற்கு முன்னால், இந்தத் தமிழ்ப் பக்கத்தை ஒரு தடவை பிள்ளையின் கையில் கொடுத்து, தெரிந்த சொற்களை விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நாலு சொல் காட்டினாலும் போதும்.

விஷயம் இதுதான். சொல்வதெழுதலில் தப்பாக எழுதிய சொல்லை வீட்டில் பத்துத் தடவை எழுதிக்கொண்டு வரும் வழக்கத்தை, வரும் சனிக்கிழமையிலிருந்து நம் தமிழ்ப் பள்ளியில் நிறுத்துகிறோம். வாரத்துக்குப் பதினைந்து சொல் கொடுத்ததும் இனி இல்லை. ஐந்துதான்.

போன மாதம் ஒரு அம்மா கோயில் வாசலில் என்னை நிறுத்தி, "ஐயா, வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனாலே எங்கள் வீட்டில் அழுகைதான். எனக்கோ தமிழ் படிக்கத் தெரியாது. பிள்ளை எழுதுவது சரியா தப்பா என்றே தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்" என்றார். அன்று அவருக்குச் சரியான பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கடிதம்தான் அந்தப் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் பத்துத் தடவை, ஐம்பது தடவை எழுதியவன்தான். எட்டு வயதில் எனக்கு 'வாழைப்பழம்' ஐம்பது தடவை எழுதும் தண்டனை கிடைத்தது. என்ன செய்தேன் தெரியுமா? நோட்டின் மேலிருந்து கீழ்வரை ஐம்பது 'வா' எழுதினேன். அப்புறம் அதன் பக்கத்தில் ஐம்பது 'ளை'. அப்புறம் 'ப்', அப்புறம் 'ப'. ஆறு பத்தியும் நிரம்பியபோது கை வலித்ததே தவிர, மண்டையில் ஒரு சொல்லும் ஏறவில்லை. முதல் வரியில் 'ழை'க்குப் பதில் 'ளை' விழுந்ததால் ஐம்பது வரியிலும் 'ளை'. மறுநாள் இன்னொரு ஐம்பது. இன்றைக்கு நம் வகுப்பு நோட்டுகளைப் புரட்டினால் அதே வித்தையைப் பார்க்கிறேன். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாப் பிள்ளைகளும் கண்டுபிடித்துவிடுகிறார்கள்!

பார்த்து எழுதும்போது கைக்குத்தான் வேலை. 'இங்கே எந்த ல?' என்று பிள்ளை ஒரு நொடி நின்று, தன் நினைவிலிருந்து எடுத்து எழுதினால்தான் அந்தச் சொல் தங்கும். அந்த ஒரு நொடியை விளையாட்டாக்கிக் கொடுப்பதுதான் இனி நாம் செய்யப்போவது. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், வாரத்தில் நாலு நாள் போதும். வெள்ளி இரவு ஒன்றரை மணி நேரம் உட்கார வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எழுத்துக்கு முன்னால் காது. நம் பிள்ளைகள் வீட்டில் பேசுவது க்ரியோல், அன்றாடப் பள்ளியில் படிப்பது பிரெஞ்சும் ஆங்கிலமும். க்ரியோலில் ழ இல்லை, ள இல்லை, ண இல்லை. தமிழில் குறிலும் நெடிலும் மாறினால் பொருளே மாறிவிடும் என்பதும் அவர்களுக்குப் பழக்கமில்லை. ஆகவே பிள்ளை 'வாலை' என்று எழுதினால் அது கவனக்குறைவு இல்லை. காதில் விழுந்ததைத்தான் எழுதியிருக்கிறது. ல சொல்ல நாக்கு நுனி மேல்பல்லின் வேரைத் தொடும். ள சொல்ல நாக்கு மடிந்து மேல் அண்ணத்தைத் தொடும். ழ சொல்லும்போது மடிந்தும் எதையும் தொடாமல் நிற்கும். கண்ணாடி முன்னால் நின்று மூன்றையும் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் சேர்ந்து சொன்னால் சிரிப்பு உறுதி. உச்சரிப்பில் உங்களுக்குத் தயக்கம் இருந்தால் கவலை வேண்டாம். சனிக்கிழமைதோறும் அந்த வாரத்து ஐந்து சொற்களையும் வகுப்பாசிரியர் தம் குரலில் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால் இன்னும் நல்லது, அவர்கள் குரலில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

காதுக்கு ஏற்ற விளையாட்டு, பிள்ளைகள் மரெல் என்று தாவி ஆடுவதுதான். நம் பாட்டிமார் இதைப் பாண்டி என்பார்கள். முற்றத்தில் சாக்கட்டியால் மூன்று கட்டம் போட்டு ல, ள, ழ என்று எழுதுங்கள். பதிவை ஓட விடுங்கள். 'புளி' என்று கேட்டால் ள கட்டத்துக்குத் தாவ வேண்டும், 'புலி' என்றால் ல கட்டத்துக்கு. தப்பாகத் தாவினால், 'அப்போ இன்றைக்கு ரசத்தில் புலியைக் கரைத்து ஊற்றலாமா?' என்று கேளுங்கள். இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமிக்கு இந்தக் கேள்வி அவ்வளவு பிடித்துப்போய், வேண்டுமென்றே தப்பாகத் தாவ ஆரம்பித்தாள். அதுவும் சரிதான். வேண்டுமென்றே தப்புச் செய்ய, சரி எது என்று தெரிந்திருக்க வேண்டுமே.

தமிழ் வாசிக்கத் தெரியாத பெற்றோருக்காகவே ஒரு விளையாட்டு இருக்கிறது. சொல் எழுதிய தாளைப் பிள்ளையிடம் காட்டுங்கள். பிறகு உங்கள் பெருவிரலால் ஒரு எழுத்தை மறைத்து, 'என் விரலுக்கு அடியில் என்ன?' என்று கேளுங்கள். பிள்ளை தன் நோட்டில் அதை எழுதட்டும். அப்புறம் விரலை எடுங்கள். இரண்டு வடிவமும் ஒன்றா என்று பார்க்க உங்களுக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை, கண் தெரிந்தால் போதும். அடுத்த நாள் இரண்டு எழுத்தை மறையுங்கள். நாலாம் நாள் சொல் முழுவதையும்.

சமையலறையில் உங்களுக்கே தெரியாமல் நிறையத் தமிழ் இருக்கிறது. சந்தையில் ரசோனுக்கு, அதாவது ரசத்துக்கு, வேண்டியதை வாங்குகிறீர்கள், பிரெத் முரூம் வாங்குகிறீர்கள், கோத்தோமிலி, காரிபூலே, பிப்பங்காய் வாங்குகிறீர்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், வீட்டிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் கொண்டுவரச் சொன்னபோது வெறுங்கையோடு வந்தான். "எங்கள் வீட்டில் க்ரியோல் மட்டும்தான் ஐயா" என்றான். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். பிப்பங்காய் என்றான். பலகையில் 'பீர்க்கங்காய்' என்று எழுதி, மெதுவாக வாசிக்கச் சொன்னேன். ர்க் என்ற இடத்தில் இடறினான், மறுபடி வாசித்தான். 'காய்' வந்ததும் நின்றான். "அப்போ முரூம்?" முருங்கை. "காரிபூலே?" கறிவேப்பிலை. அன்று மணி அடித்த பிறகும் அவன் போகவில்லை. சந்தைக்குப் போகும் பட்டியலில் இரண்டு பொருளையாவது தமிழில் எழுதும் வேலையை உங்கள் பிள்ளைக்குக் கொடுங்கள். கறிக்கு வல்லின ற போட வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள். 'கரி' என்றால் அடுப்புக்கரி. கோயில் விசேஷத்தில் வாழை இலையில் பரிமாறும் நம் செத் காரியைத் தமிழில் எழுதினால் 'ஏழு கறி'. ழ ஒன்று, ற ஒன்று, இரண்டும் ஒரே இலையில்!

அரிசித் தட்டு உங்களுக்குப் புதிதல்ல, ஏடு தொடங்கும்போது அரிசியில் அ எழுத வைக்கிறோமே, அதேதான். இதைக் கொம்பு வரும் எழுத்துகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'கொ' சொல்லும்போது வாய் க்-இல் தொடங்குகிறது, கையோ கொம்பில் தொடங்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கு இது பெரிய குழப்பம். 'கொடி'க்கு ஒற்றைக்கொம்பு, 'கோடி'க்கு இரட்டைக்கொம்பு. அரிசியில் எழுதினால் தப்பை ஒரு குலுக்கில் அழித்துவிடலாம். ரப்பர் தேய்த்துத் தாள் கிழிந்து அழுவது மிச்சம்.

குளிர்கால விடுமுறை வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பிக்னிக் போகாத வீடு உண்டா? ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கோ பெல் மாரோ, எந்தக் கடற்கரையாக இருந்தாலும் பிலாவோ என்கிற சவுக்கு மரத்தடியில் காய்கள் கொட்டிக் கிடக்கும். ஈர மணலில் ஒரு குச்சியால் 'பாடடி' என்று பெரிதாக எழுதுங்கள். 'பாட்டியைக் கண்டுபிடி' என்று சொல்லி, பிள்ளை கையில் ஒரே ஒரு பிலாவோ காயைக் கொடுங்கள். சரியான எழுத்தின் தலையில் அதை வைத்தால் பாட்டி வந்துவிடுவார். வைக்காவிட்டால், 'பாடடி!' என்று யாரோ பாட்டியை அதட்டிப் பாடச் சொல்வதுபோல் ஆகிவிடும். புள்ளி மறக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை.

கடையில் வரிசையில் நிற்கும்போது பணப்பையைத் திறங்கள். நம் நாட்டு நோட்டுகளில் தொகை தமிழிலும் அச்சாகியிருக்கிறது, தமிழ் எண்களும் உண்டு. 1998-இல் தமிழுக்கும் இந்திக்கும் வரிசை மாறி, எதிர்ப்புக் கிளம்பி, புது நோட்டுகளையே திரும்பப் பெற்ற கதை வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நூறு ரூபாய் நோட்டில் 'று' எங்கே என்று பிள்ளையைத் தேடச் சொல்லுங்கள். அதே நோட்டில் படமாக இருக்கும் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசனின் பெயர் ரோமன் எழுத்தில் உருமாறி இருப்பதையும் காட்டுங்கள். நம் வீட்டுப் பெயர்களும் அப்படித்தானே, பதிவேட்டில் ஏறியபோது உருமாறியவை. கூப்பென் என்பது குப்பன், அர்னாஷெலோம் என்பது அருணாசலம், மூத்தூ என்பது முத்து. உங்கள் குடும்பப் பெயரின் தமிழ் வடிவம் தெரியாவிட்டால் எழுதி அனுப்புங்கள், சேர்ந்து தேடிப் பார்க்கலாம். தன் பெயரைத் தப்பாக எழுதப் பிள்ளைக்கு மனசு வராது.

எழுத்துகளில் சில ஜோடிகள் தமிழ்ச் சொற்களில் பிரியாமல் வரும். த-வுக்கு முன் ந்: பந்து. ட-வுக்கு முன் ண்: வண்டு. ற-வுக்கு முன் ன்: கன்று. இலக்கணத்தில் இவற்றை இன எழுத்துகள் என்பார்கள். பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். தொமினோ ஆடுகிற மாதிரி அட்டைகளை வெட்டி, ஒன்றில் 'வண்', இன்னொன்றில் 'டு' என்று எழுதிச் சேர்க்கச் சொன்னால் போதும். இதை வகுப்பிலேயே செய்யப்போகிறோம்.

இரண்டு வேண்டுகோள். பெரியப்பா மகன் எல்லாம் சரியாக எழுதுகிறானே என்று தயவுசெய்து ஒப்பிடாதீர்கள். சரியாக எழுதினால் சாக்லேட் என்றும் பழக்காதீர்கள், ஒரு மாதத்தில் சாக்லேட் இல்லாமல் பேனா நகராது. தப்பு வந்தால் சிவப்பு மையில் அடிக்காமல், எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பாதித் தப்பைப் பிள்ளையே பிடித்துவிடும்.

சொல்வதெழுதல் போகாது, சனிக்கிழமைதோறும் நடக்கும். ஆனால் இரண்டு வாரத்துக்கு முந்தைய சொற்களில் இரண்டும் அதில் கலந்து வரும். மறந்துபோயிருந்தால் அது மறுபடி பட்டியலில் சேரும், அவ்வளவுதான்.

இந்த வாரச் சொற்கள்: பாட்டி, புளி, ஏழு, கறி, வண்டு.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: தொமினோ அட்டைகளுக்காக, வரும் சனிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பழைய கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டி கொண்டுவரட்டும். காலிப் பெட்டி போதும். போன தடவை ஒருவன் பாதி நிறைந்த பெட்டியைக் கொண்டுவந்து, அன்று எழுத்தைவிடச் சாப்பாடுதான் அதிகம் நடந்தது.