ஜெர்மனியில் வழிகாட்டும் அரபு மருத்துவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வாரமெல்லாம் வார்டும் இரவுப் பணியுமாக இருந்தும், இங்கே மருத்துவ உரிமம் பெற முயலும் புதியவர்களுக்கென்று ஞாயிறு மாலையை ஒதுக்கிவைக்கும் சிரிய, எகிப்திய, ஜோர்டானிய மருத்துவர்களே, உங்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. ஜெர்மனியின் வெளிநாட்டு மருத்துவர்களில் சிரியர்களே அதிகம், 6000-க்கும் மேல். உங்கள் வகுப்பில் இடம்பிடித்த தமிழ் மருத்துவர்களும் சேர்ந்தே இதை எழுதுகிறோம்.

முதலில், உரிம விண்ணப்பத்துக்கான காகிதங்களைச் சரிபார்த்தவர்களுக்கு. அரபுப் பெயருக்கு பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்துக்கூட்டல் இருக்கும். அரபு எழுத்தை லத்தீன் எழுத்தில் மாற்றும் ஐஎஸ்ஓ என்ற சர்வதேச முறையில் எழுதும் மொழிபெயர்ப்பாளர் பட்டச் சான்றிதழில் வேறொன்று போடுவார். இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கும்வரை கோப்பு நகராது. பாஸ்போர்ட்டில் உள்ளபடியும் குறிப்பு எழுதி வாங்குங்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறீர்கள். நன்னடத்தைச் சான்றைக் கடைசியாக வாங்கச் சொல்வதும் அதேபோலத்தான். அது பெரும்பாலும் 3 மாதத்துக்குள் பெற்றதாக இருக்கவேண்டும். முந்திக்கொண்டால் மற்றவை சேர்வதற்குள் காலாவதியாகிவிடும்.

மருத்துவ மொழித் தேர்வுக்கு நீங்கள் தரும் பயிற்சிக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். நோயாளியிடம் பேச 20 நிமிடம், அறிக்கை எழுத 20, மூத்த மருத்துவரிடம் விவரிக்க 20. டமாஸ்கஸில் மருத்துவம் அரபியிலேயே கற்பிக்கப்படுவதால் அங்கு படித்தவர்களுக்கு லத்தீன் சொற்கள் புதிது. நோயாளியிடம் 'ப்ளூட்ஹோக்ட்ருக்' என்றால் மூத்தவரிடம் 'ஆர்ட்டெரியெல்லெ ஹ்யூப்பர்டோனி'. இரண்டும் ரத்தக்கொதிப்புதான், ஆனால் இடம் மாறினால் மதிப்பெண் போய்விடும். அறிக்கையில் இன்னொரு சிக்கல்: நோயாளி சொன்னதை 'வலி இருக்கிறது' என்று எழுதக்கூடாது, 'இருக்கிறதாம்' என்று எழுதவேண்டும். நம் 'ஆம்' செய்யும் வேலையை அங்கே 'ஹாபெ' என்ற வினைவடிவம் செய்கிறது. பலரும் தற்போதைய நோயை விவரித்தே நேரத்தைக் கரைத்து, சிகிச்சைத் திட்டத்தை எழுதாமல் விடுகிறார்கள். கடிகாரம் வைத்து, கையெழுத்தில், திரும்பத் திரும்ப எழுதவைத்தீர்கள். ஒவ்வாமை கேட்க மறந்தவரை உரையாடலை முதலிலிருந்து தொடங்கச் சொன்னீர்கள். அந்தக் கண்டிப்புக்குத் தனி நன்றி.

அடுத்த கட்டமான மருத்துவ அறிவுத் தேர்வு 60 முதல் 90 நிமிடம். தவறினால் இருமுறைதான் மறுவாய்ப்பு. அதை முடித்த களைப்போடு, வந்த நோயாளி என்ன சொன்னார், அறுவை மருத்துவர் எதைக் கேட்டார், எங்கே திணறினோம் என்று அன்றிரவே எழுதி அனுப்புகிறவர்களுக்கும் நன்றி. அடுத்த வாரம் தேர்வுக்குப் போகிறவர் கையில் இப்போது இருப்பது அந்தக் குறிப்புகள்தான்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் ஞாயிறு வகுப்பு மாணவர்கள்