மாம்பழத்தோடு நிறுத்திவிடாதீர்கள்: சென்னை சபாக்களுக்கு ஒரு திறந்த மடல்

சபா நிர்வாகிகளுக்கு வணக்கம்.

காரைக்கால் அம்மையாரைப் பற்றி நிகழ்ச்சி என்றதும் மாம்பழம்தான் கேட்கிறீர்கள். கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு கனிகளில் ஒன்றை அடியவருக்குப் படைத்தது, வேண்டியதும் கையில் இன்னொன்று வந்தது, அதைப் பார்த்து மிரண்ட பரமதத்தன் கப்பலேறிப் போனது, கடைசியில் பேயுருவோடு தலையால் கைலாயம் ஏறியது. அருமையான கதைதான், நானும் உருகிக் கேட்பவன். ஆனால் அது 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொன்ன கதை. அம்மையார் தாமே பாடியவற்றில் மாம்பழமும் இல்லை, கணவனும் இல்லை.

அங்கே இருப்பது திருவாலங்காட்டுச் சுடுகாடு. ஒரு பாட்டில் பெண்பேய் ஒன்று கள்ளிக் கிளைகளுக்கிடையே காலை நீட்டிக்கொண்டு, கொள்ளிக்கட்டையின் கரியை எடுத்து மசித்துக் கண்ணுக்கு மை தீட்டுகிறது, வெடுவெடென்று சிரிக்கிறது, மிரண்டு பார்க்கிறது, துள்ளுகிறது, பிணம் எரியும் தீ சுட்டுவிட, கோபத்தில் புழுதியை அள்ளிப்போட்டு அதை அணைக்கப் பார்க்கிறது. அந்த இடத்தில்தான் 'எங்கள் அப்பன்' சிவன் ஆடுகிறான். தன்னையே 'காரைக்கால் பேய்' என்று சொல்லிக்கொண்ட ஒரு பெண், தேவார மூவருக்கும் முன்பே இப்படி எழுதியிருக்கிறார்! இசையமைப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த 'வெடுவெடு'வுக்கு ஒரு தாளக்கட்டு யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பாட்டில் துத்தம், கைக்கிளை, விளரி, தாரம், உழை, இளி என்று சுரங்களின் பழம்பெயர்களைச் சொல்லிவிட்டு, கொக்கரை, தக்கை, வீணை, மத்தளம், கரடிகை, தமருகம், குடமுழா, மொந்தை என வாத்தியங்களை அடுக்குகிறார். கேட்டால் ஒரு வாத்தியக் குழுவுக்கே குறிப்பு எழுதி வைத்த மாதிரி இருக்கிறது. இதில் குடமுழா இன்றும் திருவாரூர்க் கோயிலில் இருக்கிறது.

திருவாலங்காட்டைப் பாடிய அவருடைய இரண்டு மூத்த திருப்பதிகங்களுக்கும் பண், அதாவது பழந்தமிழ் ராகம், குறித்திருக்கிறது: நட்டபாடை, இந்தளம். ஓதுவார்கள் முன்னதைக் கம்பீரநாட்டையிலும் பின்னதை மாயாமாளவகௌளையிலும் பாடுகிறார்கள். புதிதாக மெட்டுப் போடுபவர்கள் முதலில் அவர்களிடம் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும், அப்புறம் விலகிப் போவதென்றால் தெரிந்தே விலகலாம். 101 வெண்பாக்களான அற்புதத் திருவந்தாதி வேறு மாதிரி வேலை. ஒரு வெண்பா முடிகிற சொல்லில் அடுத்தது தொடங்குவதால், அந்தச் சொல்லிலேயே ராகத்தை மாற்றிக்கொண்டு போக முடியும்.

ஆண்டாளுக்கு இது நடந்திருக்கிறது. திருப்பாவைக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போட்ட மெட்டுகள்தான் இன்று மேடைகளில் பரவலாகக் கேட்கின்றன. அம்மையாருக்கும் அப்படி ஒருவர் மனம் வைத்து உட்கார வேண்டும், உட்கார்பவருக்கு நீங்கள் மேடையும் கூலியும் தர வேண்டும். 'சுடுகாடு, பேய் எல்லாம் ரசிகர்களுக்கு ஒத்துவராது' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். சுடலையில் ஆடுபவனைத்தான் எல்லா மேடையிலும் பாடிக்கொண்டிருக்கிறோம்.

வரும் மார்கழியில் ஒரே ஒரு மாலை போதும். இரண்டு பதிகங்கள், 22 பாட்டு, ஓர் ஓதுவார், புதிதாக இசையமைக்கும் ஒருவர், தோல்வாத்தியக்காரர்கள் நான்கைந்து பேர். ஒத்திகைக்கு இரண்டு மாத அவகாசமும் அதற்கான சம்பளமும் முன்கூட்டியே கொடுங்கள். கதை சொல்ல ஆள் வேண்டாம், அம்மையாரின் சொற்களே பாடப்படட்டும்.